லயத்து வாசலும் புதிய வீதியும்
(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பட்டினத்து வீதிக்குப் பெயருண்டு, வீடுதோறும் இலக்கமுண்டு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே நம் முன்னோர்க்கு வாய்த்த வீதி லயத்து வாசலேயாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் அடங்குமா? ஆகவே வாழ்வின் பெரும்பகுதி வெளியே நடந்தது. இஸ்தோப்பிலே பிள்ளைகள் படித்தனர். பீலியடியிலே ஊர்ச் செய்தி பரவிற்று. வாசலிலே பந்தலிட்டுக் கல்யாணம் நடந்தது. சாவு வீட்டில் அடுப்பெரியாத நாளில் அடுத்த காம்பராவிலிருந்து சோறு வந்தது. மார்கழிப் பஜனை லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி சேருமுன் அனைவரும் விழித்துவிடுவர்.

இதனால் லயத்தை நான் புகழ்வதாக எண்ணவேண்டாம். சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கும். புகை போக வழியில்லை. வயது வந்த பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதம் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தபோது அரநாயக்கவிலே கிராமங்கள் புதைந்தன. புளத்கொஹுபிட்டியப் பகுதியிலே தோட்டக் குடியிருப்பும் மண்ணுக்குள் போயிற்று. பாதுகாப்பான நிலத்திலே தனி வீடு வேண்டும். அந்நிலம் நமது பெயரில் வேண்டும். இதில் இரண்டாம் பேச்சில்லை.

ஆயினும் 7 பேர்ச் காணியில் வீடு எழும்பும் இடங்களில் வேலியும் எழும்புகிறது. இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகின்றனர். லயத்து வாசல் போய்விட்டது. வீதியோ இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. நாம் வாக்களித்த சபையே நமது பாதைக்குக் கல் போடத் தயங்கிற்று. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்தாயிற்று, உள்ளே போய்க் கேட்பவர் யார்? தோட்டத்து வேலையால் களைத்து வரும் நமது தாய் தந்தையரா? எழுதப் படிக்கக் கற்ற நாமல்லவா போகவேண்டும்!

மூன்று காரியங்களை இம்மன்றம் மேற்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, புதுக் குடியிருப்புக்குக் காணி அளக்கும்போதே பொது இடம் ஒன்றை ஒதுக்கும்படி கேட்போம். பந்தல் போடவும், பிள்ளைகள் விளையாடவும், பெரியோர் மாலையில் இருந்து பேசவும் அது உதவும்.

இரண்டாவது, ஒவ்வொரு பாதைக்கும் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் கோரி மனுச் செய்வோம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசிலே கிடந்து, திகதி கடந்தபின் கைக்கு வந்த கதை இங்குள்ள பலருக்குத் தெரியும். விலாசம் இல்லாதவனுக்கு வேலையும் தப்பிப் போகிறது.

மூன்றாவது, நமது பாதையிலே அயல் கிராமத்துச் சிங்களச் சகோதரரும் நடக்கின்றனர். மழை கரைத்த பாதை அவர்களையும் வழுக்கி விழுத்தும். மனுவிலே அவர்களது கையொப்பமும் இருந்தால் சபை இன்னும் செவிசாய்க்கும்.

பெரியோர்களே, நெருக்கத்திலும் ஒருவருக்கொருவர் துணையாயிருக்க எமக்குக் கற்பித்தவர்கள் நீங்கள். அந்தத் துணையை விசாலமான வீடுகளுக்கும் கொண்டுசெல்வது எங்கள் கடமை. வரும் மார்கழியிலே நமது பஜனை, புதுவீடு ஒன்றையும் விடாமல் எல்லா வாசல்களுக்கும் போகட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.