ஒரு வெள்ளம், இரண்டு கட்டளை



காலைப் பெரட்டில் ஒரே கூட்டத்துக்கு இரண்டு மண்டோர்கள் தனித்தனியே வேலை சொன்னால் என்ன ஆகும்? ஒரே நிரைக்கு இருவர் போய் நிற்பார்கள். அடுத்த நிரையில் பால் வெட்ட ஆள் இருக்காது. தோட்டத்தில் இதனால் ஒரு நாள் வேலை கெடும். பேரிடர் வேளையில் படைகளுக்கு இப்படி நேர்ந்தால் உயிரே போய்விடும்.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா புயல் கரை கடந்தது. தடுப்புச் சுவர்கள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. உதவிக்குப் படைகள் திரளாக வந்தன. ஆனால் அங்கே படை இருவகை. தேசியக் காவற்படை மாநில ஆளுநரின் கட்டளைக்கு உட்பட்டது; நிரந்தர இராணுவம் அதிபரின் கட்டளைக்கு உட்பட்டது. இரண்டையும் ஒரே தளபதியிடம் ஒப்படைக்கலாம் என்று மத்திய அரசு கேட்டது. லூசியானா ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ இணங்கவில்லை. தம் மாநிலக் காவற்படை தம் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்பது அவர் நிலை.

விளைவு என்ன? ஒரே ஆளை மீட்க ஐந்து ஹெலிகாப்டர்கள் வந்து சேர்ந்ததாக, அடுத்த மாதம் ஓர் இராணுவ அதிகாரி அதிபரிடமே சொன்னார். அந்த நேரத்தில் வேறு இடங்களில் மக்கள் உதவிக்குக் காத்திருந்தார்கள். ஆளும் இருந்தது, கருவியும் இருந்தது. பங்கிட்டுக் கொடுக்கும் வாய்தான் ஒன்றாக இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. ஆளுநரும் அதிபரும் ஒப்புக்கொண்டு ஒரே அதிகாரியை அமர்த்துவார்கள். அவர் இருவரிடமும் தனித்தனியே கட்டளை பெற்று, இரு படைகளையும் நடத்துவார். இருவர் உரிமையும் கெடாது. களத்தில் சொல் ஒன்றாகும். 2012இல் சாண்டி புயல் தாக்கியபோது இம்முறை கையாளப்பட்டது.

நம் மலேசியாவில் தேசியப் பாதுகாப்பு மன்றம் 1997இல் பிறப்பித்த 20ஆம் எண் ஆணையும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான். மாவட்ட அளவிலான பேரிடருக்கு மாவட்ட அதிகாரி தலைமையில் ஒரு குழு. இராணுவம் அதற்குத் துணை என்று அது வகுத்தது.

நேயர்களே, நம் லயத்துக்கும் இது பொருந்தும். நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில், கைக்குழந்தை எந்த வீட்டில், மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கை, மழைக்காலத்துக்கு முன்பே பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து வைப்போம். படகு வரும்போது பத்துப் பேர் பத்து விதமாகக் கூவாமல், அந்த ஒருவர் பேசட்டும். முதலில் ஏறவேண்டியவர் முதலில் ஏறுவார்.