ஆகாயத்தைக் கண்டு சொன்னவர்
(நாஞ்சில் நாட்டில் பேசியது)

நாம் கேளாமலே ஆகாயத்தைப் பற்றி நமக்குச் சொல்லுகிறவர்கள் பலர். ராகு என்பார்கள், சனி என்பார்கள், தட்சணையும் கேட்பார்கள். "எதைக்கொண்டு கண்டீர்?" என்று கேட்டால் மாத்திரம், நாம் நாத்திகர்களாகி விடுகின்றோம். ஆகவே, உண்மையிலேயே கண்டு சொன்ன ஒருவரைப் பற்றிச் சொல்லுகின்றோம்.

அவர் ஜார்ஜ் கரதர்ஸ். 1939-ல் அமெரிக்காவில் பிறந்த கருப்பர். அக்காலத்தில் அந்நாட்டின் தென்பகுதியில் கருப்பருக்குப் பள்ளிக்கூடம் வேறு, ரயில் பெட்டி வேறு. சுசீந்திரம் கோயில் தெருவில் நடப்பதற்கே 1926-ல் சத்தியாக்கிரகம் செய்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?

வெகு உயரத்தில் சூரிய ஒளியால் அணுக்கள் உடைந்து, மின்சாரம் ஏறிய வாயு பூமியைச் சூழ்ந்திருக்கிறது. அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அங்கிருந்து வரும் புற ஊதா ஒளி கண்ணுக்குத் தெரியாது. கீழே வருமுன் காற்றே அதை விழுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடி வில்லையும் விழுங்கிவிடும்.

கரதர்ஸ் என்ன செய்தார்? குழிந்த ஆடியால் அவ்வொளியைக் குவித்தார். அவ்வொளி பட்டால் எலெக்ட்ரான்களை வெளிவிடும் ஒரு பூச்சின்மேல் விழச் செய்தார். சாதாரண வெளிச்சத்துக்கு அப்பூச்சு அசையாது. வெளிவந்த எலெக்ட்ரான்களைக் காந்தத்தால் ஒழுங்குபடுத்திப் பிலிமில் பதித்தார். சுமார் 22 கிலோ எடையுள்ள அக்கருவி 1972 ஏப்ரலில், அப்பல்லோ 16 பிரயாணத்தில், சந்திரன் தரையில் நாட்டப்பட்டது.

அது எடுத்த படத்தில் பூமியின் இரவுப் பக்கத்தில், காந்த நடுக்கோட்டின் இருபுறமும் ஒளிப்பட்டைகள் தெரிந்தன. பகலில் அக்கோட்டின்மேல் பிளாஸ்மா ஊற்றுப்போல் எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் இறங்குகிறது. உடைந்தவை இரவில் மறுபடி கூடும்போது ஒளி பிறக்கிறது.

அக்கோடு நமது தென்முனையை ஒட்டியே செல்கிறது. அதனாலேயே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து, 1963 நவம்பரில் முதல் ராக்கெட்டை விட்டார்கள். ஆக, அந்த ஊற்று நம் தலைக்கு மேலேயே எழும்புகிறது! கன்னியாகுமரியில் நின்று தலைமுறை தலைமுறையாய்க் கும்பிட்டோமே, எந்த மந்திரமாவது இதைக் காட்டிற்றா?

கரதர்ஸ் 2020-ல் காலமானார். பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனின் புற ஊதா ஒளியைப் படமெடுக்க 2025 செப்டம்பரில் அமெரிக்கா அனுப்பிய கலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பத்து வயதில் அட்டைக் குழாயும் தபாலில் வாங்கிய வில்லைகளும் கொண்டு தொலைநோக்கி செய்தவர் அவர். பிறப்பா அவருக்கு அறிவு கொடுத்தது? ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளை, ஆணானாலும் பெண்ணானாலும், "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். ஜாதகம் எழுதக் கொடுக்கும் காசில் ஒரு வில்லை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.