எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போகும் முன்...

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் முன் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் குழு அக்காமார் நாலு பேர் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போய் வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலை ஏழு மணி பஸ்சைப் பிடித்துப் போனார்கள். அன்றைக்குக் கூலியும் போச்சு. பதினொன்றரைக்கு எம்.எல்.ஏ. வந்தார். மனுவை வாங்கினார், "பார்க்கிறேம்மா" என்றார், பின்னால் நின்ற உதவியாளரிடம் கொடுத்தார். அவ்வளவுதான். வீடு வந்து சேரும்போது மணி மூன்று. அதில் ஒரு அக்கா நம்மிடம் கேட்டார்: "ஓட்டுக் கேட்க வரும்போது திண்ணையில உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிச்சாரே, இப்ப மனுவைப் படிச்சுக்கூடப் பார்க்கலையே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்று சாயந்திரம் அந்த மனுவின் ஜெராக்சை எடுத்துப் படித்தபோது நமக்கே வெட்கமாகிப் போச்சு. ஏனென்றால் அதை எழுதிக் கொடுத்ததே நம் அலுவலகம்தான். ஒரே தாளில் நாலு கோரிக்கை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இறந்துபோனவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காலனித் தெருவில் விளக்கு எரியவில்லை. ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வேண்டும். வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்க்கிற நம் தன்னார்வலருக்கு ஊக்கத்தொகையை உயர்த்த வேண்டும். இந்த நாலும் நாலு வேறு இடங்களுக்குப் போக வேண்டியவை. நாலையும் ஒரே தாளில் எழுதினால் யார் எதை எந்த ஆபீசுக்கு அனுப்புவார்கள்?

அதனால்தான் ஒரு வேலை செய்தோம். ஒரு வாரம் முழுக்க அந்த ஆபீசுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று பார்த்தோம்.

சகோதரிகளே, அந்த வாரத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் இங்கே கூட்டம் குறைவு. செவ்வாய் முதல் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பட்டா பெயர் மாற்றம், ரேஷன் கார்டு, காலேஜ் சீட்டு, ஆஸ்பத்திரியில் படுக்கை, அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன். நடுநடுவே பத்திரிகை வைக்க வருகிறவர்கள். ஒரே முகூர்த்த நாளில் பதினோரு கல்யாணம், இரண்டு காதுகுத்து, ஒரு சாவு வீடு. எல்லாவற்றுக்கும் போனார். போகாவிட்டால் நாமே "எங்க வீட்டு விசேஷத்துக்கு எட்டிப் பார்க்கலியே" என்று சொல்வோம், இல்லையா? மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆய்வுக் கூட்டம், ஒரு பூமி பூஜை. ராத்திரி பத்து மணிக்கும் போன் அடிக்கிறது. 2021 தேர்தல் சமயத்தில் தமிழ்நாட்டில் 6 கோடியே 28 லட்சம் வாக்காளர்கள், தொகுதிகள் 234. கணக்குப் போட்டால் ஒருவருக்கு இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வருகிறது.

அந்த ஒரு வாரத்தில் சட்டமன்றத்தில் இதைக் கேளுங்கள் என்று சொல்லி வந்தவர் எவருமே இல்லை. நாங்கள் கவனித்ததில் இதுதான் மனதை உறுத்தியது. சட்டமன்ற உறுப்பினர் என்று பெயர். வி.ஏ.ஓ.வும் பஞ்சாயத்து கிளார்க்கும் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அவர் தலையில் கட்டுகிறோம். அவர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலையை அவரிடம் கேட்பதே இல்லை.

அந்த வேலை என்ன? சட்டமன்றம் கூடும்போது முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். தொகுதிப் பிரச்சினையைக் கேள்வியாக எழுதிக் கொடுத்தால் துறை அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அவசரமானது என்றால் கவன ஈர்ப்புக் கொண்டுவரலாம். வரவு செலவுத் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை நடக்கும்போது எழுந்து பேசலாம். அங்கே பேசியது அவைக் குறிப்பில் ஏறும். கல்யாண மண்டபத்தில் பேசியது எந்தக் குறிப்பிலும் ஏறாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயர் உங்களுக்குத் தெரிந்த பெயர்தான், கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் வந்தது. புதுக்கோட்டையில் பிறந்தவர். மருத்துவம் படித்த டாக்டர். 1926-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவையில் முதல் பெண் உறுப்பினர் அவர்தான், துணைத் தலைவராகவும் இருந்தார். கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து அந்த அவையில் பேசினார், தீர்மானம் கொண்டுவந்தார். 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியை விட்டு விலகினார். அவர் தொடங்கிய காரியம் 1947-ல் முழுச் சட்டமாக ஆனது. ஒரு உறுப்பினர் அவையில் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? (2021 தேர்தலில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம், இன்று நேரம் போதாது.)

இப்போது அந்த நாலு கோரிக்கைக்கு வருவோம். தெருவிளக்கு பஞ்சாயத்தின் வேலை. கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டியது. முதியோர் உதவித்தொகை தாலுகா ஆபீஸ், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். இரண்டுக்கும் எம்.எல்.ஏ. தேவையே இல்லை. மற்ற இரண்டைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ராணுவ வீட்டு அக்கா. அவர் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறோம், பெயர் வேண்டாம் என்றார். அவர் வீட்டுக்காரர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதுவரை வந்துகொண்டிருந்த பென்ஷன் நின்றுபோச்சு. மனைவிக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் தொடங்கவில்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். பீஸ் கட்ட நம் குழுவில் வாங்கிய கடனுக்கு நாலு தவணை விழுந்துவிட்டது. குழுவில் சிலர் அவரை நீக்கிவிடலாம் என்று பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம். அந்த அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை. பதினான்கு மாதத்தில் அவர் எம்.எல்.ஏ. ஆபீசுக்கு ஆறு முறை போயிருக்கிறார். ஆறு முறையும் "பார்க்கிறோம்".

தடை என்ன தெரியுமா? பெயர். கல்யாணம் ஆன புதிதில் வீட்டுக்காரர் ரெக்கார்டில் எழுதிக் கொடுத்தது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் இருப்பது பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று யாராவது ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினால்தான் திருத்துவார்கள். ராணுவம், ராணுவ பென்ஷன் எல்லாம் மத்திய அரசு. எம்.எல்.ஏ. உத்தரவு போட முடியாது. சட்டமன்றத்திலும் அது வராது. அதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம், நம் எம்.பி. நமக்கு மக்களவையில் 39 பேர் இருக்கிறார்கள். ஆனால் அதற்கும் முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாவட்டத் தலைநகரில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம். முன்னாள் ராணுவத்தினர், அவர்கள் மனைவி, விதவை, பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஆபீஸ் பொறுப்பு. கலெக்டர் தலைமையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே தனிக் குறைதீர் கூட்டமும் அவ்வப்போது நடக்கிறது. இதை ஆறு முறையில் ஒருமுறையாவது யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். எம்.எல்.ஏ. ஆபீசைக் குறை சொல்வதற்கு முன்னால், நமக்கும் இது தெரியாமல் இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவை அங்கே கூட்டிப் போனோம். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதால் காகிதம் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. குழுவில் தவணையை ஆறு மாதம் தள்ளி வைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். எதிர்த்துப் பேசிய சகோதரிதான் முதல் கையெழுத்துப் போட்டார்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர், வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போன ஊர். அந்த மாதிரி ஊர்களில் பெண்களுக்கு இந்த விவரம் எல்லாம் பாட்டி காலத்திலேயே தெரியும். நம் பக்கம் ஊருக்கு இரண்டு மூன்று வீடுதான், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. வீட்டுக்காரரோ மகனோ இப்போது பட்டாளத்தில் இருக்கும் சகோதரிகள், அடுத்த லீவில் அவர்கள் வரும்போது ஒன்று கேளுங்கள். "என் பேரும் பிள்ளைங்க பேரும் பிறந்த தேதியும் பார்ட்-2 ஆர்டரில் ஏறியிருக்கா? ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கா?" யூனிட்டில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். போனபிறகு திருத்துவது எவ்வளவு பாடு என்று அந்த அக்காவைக் கேளுங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுப்பதையும் மறக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

அடுத்து நம் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டபோது, வீடு வீடாகப் போகும் வேலைக்கு மகளிர் குழுக்களில் இருந்துதான் பெண்களை எடுத்தார்கள். நம் சகோதரி நடந்தே மூன்று குக்கிராமம் போகிறார். ஊக்கத்தொகை போதவில்லை என்கிறார். இதை வி.ஏ.ஓ. தீர்க்க முடியாது, கலெக்டரும் தீர்க்க முடியாது. எவ்வளவு என்று முடிவு செய்வது அரசு ஆணை. சுகாதாரத் துறை மானியக் கோரிக்கையில் எழுந்து பேச வேண்டிய விஷயம். அப்படியானால் இதுதான் எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோக வேண்டிய கோரிக்கை! நாலில் மூன்றாவதாக எழுதி, தெருவிளக்குக்கும் பென்ஷனுக்கும் நடுவில் புதைத்துவிட்டோம்.

கிராம சுகாதார செவிலியர் விஷயம் இன்னும் சிக்கல். அவர் அரசு ஊழியர். தன் பணி சம்பந்தமாக அரசியல்வாதி மூலம் செல்வாக்குத் தேடக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. கட்டடம் ஒழுகினாலும், தண்ணீர் இல்லாவிட்டாலும் அவர் எம்.எல்.ஏ. வாசலில் போய் நிற்கத் தயங்குவார். அவருக்காகக் கேட்க வேண்டியது நாம். பக்கத்து ஊராட்சியில் நம் குழுப் பெண்கள் இதைச் செய்தார்கள். துணை சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளுக்குக் கழிப்பறைத் தண்ணீர்கூட இல்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். இடத்தின் சர்வே எண்ணை எழுதினார்கள். தீர்மான நகலோடு ஒரே பக்கத்தில் மனு. போர்வெல்லும் தொட்டியும் தொகுதி மேம்பாட்டு நிதியில் வந்தது.

அந்த நிதியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2021-ல் அமைந்த பேரவையில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது எம்.எல்.ஏ. கையில் கொடுக்கிற பணம் இல்லை. அவர் வேலையைப் பரிந்துரை செய்வார், கலெக்டர் அனுமதி கொடுப்பார், வேலையை அரசுத் துறை செய்யும். எல்லோருக்கும் பொதுவான கட்டடம், தண்ணீர், சாலை மாதிரி சொத்துக்குத்தான். தனி ஆளுக்கு உதவியோ குழுவுக்குக் கடனோ அதில் கிடையாது. "எம்.எல்.ஏ. பண்ட்ல லோன் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் சேர்ந்து மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினைகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, வேலை, முதியோர் பென்ஷன், வங்கிக் கடன் கேட்டு எழுதினால் எடுக்க மாட்டார்கள். அந்த விதியை நாமும் நமக்குப் போட்டுக்கொண்டால் என்ன?

ஆகவே, அந்தப் பழைய மனுவைக் கிழித்துவிட்டு நாலு மனுவாக எழுதியிருக்கிறோம். தன்னார்வலர்களின் கோரிக்கை மட்டும்தான் எம்.எல்.ஏ.வுக்கு. அதில் நம் கூட்டமைப்பின் எல்லாக் குழுக்களும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுபோகிறோம், இந்த முறை இரண்டு நகலோடு. ஒன்றில் வாங்கியதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வருவோம். சட்டமன்றம் கூடியதும், கேள்வி கொடுத்தாரா என்று போய்க் கேட்கும் பொறுப்பைக் கிழக்குக் கிளஸ்டர் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ராணுவக் குடும்பத்துச் சகோதரிகள் வேறு யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் போய்விடாமல் கொஞ்சம் இருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது என்று அந்த அக்காவே காட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.