பழுதுற்ற வழங்கியும் பதறாத கையும்

(அக்கரப்பத்தனையில் வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். கணினியால் உலகம் மாறிய கதையை விரித்துரைக்க நாம் முற்படவில்லை. அதனை நீங்கள் அறிவீர்கள். நம் தோட்டங்களில் பிறந்த இளைஞர் பலர் தலவாக்கலையிலும் அற்றனிலும் நுவரெலியாவிலும் கொழும்பிலும் கணினித் தொழிலில் இருக்கின்றனர். அவர்கள் கைக்கு ஒருநாள் வந்து சேரக்கூடிய காரியம் ஒன்றைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றோம். சிறு வியாபார நிலையம் ஒன்றின் வழங்கி கோளாறுபட்டால் என்ன செய்தல் வேண்டும், என்ன செய்தல் ஆகாது என்பதே அது.

வழங்கி என்றால் என்ன? சேர்வர் என்று கடைக்காரர் சொல்வதுதான். ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். முன்னே மூன்று மேசைகளில் மூன்று கணினிகள் பில் போடுகின்றன. பின்னறையில் ஒரு கணினி ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னுள்ளவை கேட்பவை, பின்னுள்ளது கொடுப்பது. சரக்கிருப்பு, விலை, கடன் கணக்கு, ஊழியர் சம்பளம், சேமலாப நிதிக் கணக்கு யாவும் அதனுள்ளேதான் இருக்கின்றன. பார்வைக்கு அது சாதாரணப் பெட்டியாகவே இருக்கும். பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம். உள்ளிருக்கும் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

பதிவேடு தொலைவது என்றால் என்னவென்று மலையக மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கடன் எழுதிய ‘துண்டு’ என்னும் ஒரு தாளே தொழிலாளியைக் கட்டிவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தை பிறந்த இடத்துக்கும் பாட்டனார் பிறந்த இடத்துக்கும் சான்று காட்ட முடியாமல் நம்மவர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் என்று அந்தக் கதை நீண்டது. தகரப்பெட்டியின் அடியில் ஒரு பிறப்புச் சான்றிதழைப் பொத்திவைத்த பாட்டிமார் எதற்காக அப்படிச் செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். இன்று அந்தத் தகரப்பெட்டியின் இடத்தில் வன்தட்டு வந்திருக்கிறது. சம்பளம்வரை கடனுக்குச் சாமான் வாங்கும் குடும்பம், தான் கட்டிய பணம் கட்டியதாகவே பதியப்பட்டிருக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறது. அந்தக் கணக்கு அழிந்தால் கட்டியவரும் கட்டாதவரும் ஒன்றாகிவிடுவர். நட்டம் கடைக்காரருக்கு மட்டும் அன்று. ஊரின் நம்பிக்கைக்கே நட்டம்.

ஆகையால் முதல் விதி இது: அழிப்பதற்கு அவசரப்படாதீர்கள். கடையில் சனம் நிறைந்திருக்கும். முதலாளி பொறுமையிழந்து, “தம்பி, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுருங்க” என்பார். அவர் கேட்பது கடை ஓட வேண்டும் என்பதை. கணக்கு அழிய வேண்டும் என்பதையன்று. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இனி, கோளாறைத் தேடும் ஒழுங்கைச் சொல்வோம்.

முதலாவது, கேட்டறிதல். நேற்று ஓடியது இன்று ஏன் நின்றது? இடையில் மாறியது என்ன? மின்சாரம் தடைப்பட்டதா? புதிய ரவுட்டர் பூட்டப்பட்டதா? யாரேனும் கடவுச்சொல்லை மாற்றினார்களா? பாதி நோய் இந்தக் கேள்விகளிலேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, கண்ணால் பார்த்தல். கேபிள் சரியாக இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வன்தட்டு நிரம்பிவிட்டால் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடும். அதனைப் பெருநோய் என்று கருதி முழு வழங்கியையும் அழிப்பது, தலைவலிக்குத் தலையை வெட்டுவதாகும்.

மூன்றாவது, முகவரி. ஒவ்வொரு கணினிக்கும் வலையமைப்பில் ஓர் எண் உண்டு. வழங்கிக்கு 192.168.1.10 என்று நிலையான எண் கொடுத்திருப்பார்கள். புதிய ரவுட்டர் வந்து மற்றக் கணினிகளுக்கு 192.168.8 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்துவிட்டால், அவை வழங்கியைக் காணமாட்டா. வழங்கி நலமாகவே இருக்கும், குடியிருப்புத்தான் மாறிவிட்டது. இன்னொன்று, எண் பங்கிடும் வேலையை வழங்கியும் செய்து ரவுட்டரும் செய்தால் குழப்பம் வரும். ஒரே பிரட்டுக்களத்தில் இரண்டு கணக்கப்பிள்ளைமார் நின்று வேறு வேறு மலைக்கு ஆளனுப்பினால் என்ன ஆகுமோ அதுவே அங்கும் ஆகும். ஒருவரை நிறுத்தி மற்றவரிடம் வேலையை விடுவதே பரிகாரம்.

நான்காவது, பெயர். எண்ணைச் சொல்லி அழைத்தால் வழங்கி பதில் தருகிறது, பெயரைச் சொல்லி அழைத்தால் தரவில்லை எனின், பழுது டீ.என்.எஸ். எனப்படும் பெயர்ப்பதிவில் இருக்கிறது. கடைக்குள் இருக்கும் வழங்கியின் பெயரைக் கடையின் பெயர்ப்பதிவே அறியும்; வெளியுலகப் பதிவு அறியாது. யாரோ ஒருவர் கணினியில் 8.8.8.8 என்று எழுதிவைத்துப் போயிருப்பார். இணையம் நன்றாக ஓடும். கடைக் கணக்கு மட்டும் திறவாது.

ஐந்தாவது, நேரம். தாய்ப்பலகையில் ஒரு நாணயம் போன்ற சிறு பற்றரி உண்டு. அது செத்துப்போனால், மின்சாரம் நின்று வரும்போது கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். விண்டோஸ் வலையமைப்பில் கணினிக்கும் வழங்கிக்கும் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் உள்நுழைய அனுமதி கிடைக்காது. அதுவே வழக்கமான அமைப்பு. சிறிய பற்றரி ஒன்று பெரிய வழங்கியை நிறுத்திவிடும்.

ஆறாவது, வழங்கியின் நிகழ்வுப் பதிவைப் படித்தல். எப்போது, எது, ஏன் நின்றது என்று அதுவே எழுதிவைத்திருக்கும். படிப்போர்தாம் குறைவு.

இவற்றையெல்லாம் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யுங்கள். செய்ததைக் கொப்பியில் எழுதுங்கள். பயனில்லையெனின் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தை ஒருசேர மாற்றுபவர், எது நோய் எது மருந்து என்று ஒருபோதும் அறியமாட்டார்.

இத்தனை பார்த்தும் மீண்டும் நிறுவியே தீரவேண்டிய சமயங்கள் உண்டு. வன்தட்டு தேய்ந்திருக்கலாம்; தீநிரல் புகுந்திருக்கலாம்; மென்பொருள் காலாவதியாகியிருக்கலாம். சிறு நிறுவனங்களுக்கென்றே மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் சுமோல் பிஸ்னஸ் சேர்வர் 2011 என்பதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. அப்படிப்பட்டதை ஓட்டிக்கொண்டிருப்பது பூட்டில்லாக் கதவுக்குக் காவல் இருப்பதாகும்.

அவ்வாறு நிறுவும்போது பழைய வன்தட்டின்மேல் நிறுவாதீர்கள். அதனைக் கழற்றி, கடையின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, பத்திரமாக வையுங்கள். புதிய வன்தட்டு ஒன்றிலே நிறுவுங்கள். அதன் விலை, தொலைந்த ஒரு மாதக் கணக்கின் விலைக்கு ஈடாகாது. கழற்றுமுன் பாவனையாளர் பெயர்கள், எண்கள், பகிர்ந்த கோப்புறைகள், அச்சுப்பொறிகள், மென்பொருளின் உரிமக் குறியீடுகள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். தரவுத்தளக் கோப்பு திறந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனைப் பிரதி செய்தால் பிரதி பழுதாகலாம்; அந்த மென்பொருளே தரும் காப்புப்பிரதி வழியைக் கையாளுங்கள்.

இன்னொரு நுட்பம். புதிய வழங்கிக்குப் பழைய பெயரையே வைத்தாலும் அது பழைய வழங்கி ஆகாது. ஒரு தோட்டத்தில் மூன்று லெட்சுமி இருப்பர். செக்ரோல் அவர்களை இலக்கத்தால்தான் பிரித்தறியும். அதுபோலவே விண்டோஸ் வழங்கியும் பாவனையாளரைப் பெயரால் அறிவதில்லை. உள்ளே மறைந்துள்ள இலக்கத்தால் அறிகிறது. புதிதாக நிறுவியபின் ‘லெட்சுமி’ என்று மீண்டும் எழுதினால் அவர் புது இலக்கத்துப் புது ஆள். பழைய கோப்புகள் அவருக்குத் திறவா. அனுமதிகளைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இதை அறியாமல், கோப்புகள் கெட்டுவிட்டன என்று முடிவுகட்டி அவற்றை அழித்துவிடக் கூடாது.

இவையெல்லாம் சிறு கடைக்காரருக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு அரசாங்கத்துக்கே இது நேர்ந்தது. 2023 ஆகஸ்ட் மாதம், அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. அரசாங்க அலுவலகங்கள் பாவித்த ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் அமைப்பை மீண்டும் இயக்கிவிட்டார்கள். ஆயினும் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. ஏன்? காப்புப்பிரதிகளும் தாக்குதலுக்குள்ளாயின, தனியே கழற்றி வைக்கப்பட்ட பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை. அங்கே ஓடிய எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருளுக்கு, தயாரித்த நிறுவனத்தின் ஆதரவு அதே ஆண்டு ஏப்ரல் 11இல் முடிந்திருந்தது. அதனைப் புதுப்பிக்க 2021இலிருந்தே எண்ணியும், பணப் பற்றாக்குறையாலும் பிறவற்றாலும் காரியம் தள்ளிப்போனது. பொறியை எழுப்ப அரைநாள் போதியதாயிற்று. மூன்று மாதத்து எழுத்தை எழுப்ப எவராலும் இயலவில்லை.

பெரிய நாடுகளின் பெரிய நிபுணர்களுக்கும் இது புறநடையன்று. 2017 ஜனவரி 31 அன்று, கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர், இரவு வேளையில், துணை வழங்கி என்று எண்ணி முதன்மை வழங்கியின் தரவை அழித்தார். 300 கிகாபைட் அளவில் எஞ்சியது நாலரை. காப்புப்பிரதிக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஒன்றும் வேண்டியபடி உதவவில்லை. பிரதி எடுக்கப்படவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சலும் யாரையும் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணித்தியாலம் முன்பு எடுத்த பிரதி ஒன்று தற்செயலாக இருந்தமையால் பிழைத்தார்கள். அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகறிய எழுதியது. அதனால்தான் நாமும் இங்கிருந்து பாடம் படிக்கின்றோம்.

பாடம் யாது? பிரதி இருக்கிறது என்று நம்புவது வேறு. அதனைத் திறந்து பார்ப்பது வேறு. திறந்து பாராத பிரதி, பிரதியே அன்று.

நம் மலைப்பிரதேசத்துக்கு ஏற்றபடி சில சொல்லி அமைவோம். மழையும் மூடுபனியும் ஈரமும் இடிமின்னலும் இங்கே விருந்தாளிகள் அல்ல, வீட்டார். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டோம். திடீரென மின்சாரம் நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் தரவு பாதியில் அறுந்துபோகும். ஆகவே வழங்கிக்கு யூ.பி.எஸ். ஒன்று அவசியம். வழங்கியை ஈரச் சுவரோடு ஒட்டித் தரையில் வைக்கலாகாது. கணக்கை மூன்று இடத்தில் வையுங்கள்: வழங்கியில் ஒன்று, கழற்றக்கூடிய தட்டில் ஒன்று, கடைக்கு வெளியே ஒன்று. கழற்றக்கூடிய தட்டு, பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரம் கழற்றியே இருக்கட்டும். கப்பக்காரன் கைக்கு அது எட்டாது. இரண்டு வன்தட்டு ஒன்றையொன்று பார்த்தெழுதும் ஏற்பாடு இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். ஒன்றில் அழித்தது மற்றதிலும் அக்கணமே அழியும்.

அத்துடன் ஒரு கொப்பி. வழங்கியின் எண், பெயர், அமைப்பு, செய்த மாற்றம், செய்தவர், தேதி யாவும் அதில் இருக்கட்டும். கடவுச்சொல்லைத் தனி உறையில் ஒட்டி முதலாளியின் பெட்டகத்தில் வையுங்கள். வழங்கியை அமைத்த தம்பி வெளிநாடு போய்விட்டால் கடை அநாதையாகக் கூடாது.

வாலிப நண்பர்களே, இத்தொழிலில் இருப்போர் ஊரின் கணக்குக்குக் காவலர். இம்மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் பராமரிக்கும் ஒரு கடையின் காப்புப்பிரதியை எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் கடன் கணக்கைத் தேடிப் பாருங்கள். அவர் கடைசியாகக் கட்டிய பணம் அதில் தெரிந்தால் அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம். தெரியாவிட்டாலும் நல்லதே, வழங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள். கடைக்கார அன்பர்கள் அதற்குரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுப்பார்களாக.