இஸ்லாமியவியல் பயில விரும்பும் மாணவருக்கு



ஆரணிக்கு அருகிலுள்ள திருமலை என்னும் சமணத் தலம் எங்கள் ஊர். மலைப்பாறையிலே நேமிநாதரின் நெடிய திருவுருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. கங்கைவரை வென்ற இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியும் அங்கே கல்லில் உண்டு. அதனைப் படித்து 1890-ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானியர். அவர் சமணரும் அல்லர்; தமிழரும் அல்லர். வரலாறு கற்பித்த நாள்களில் இச்செய்தியை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமையோடு சொல்வேன்.

ஆயினும், என் மாணவன் ஒருவன் பள்ளியிறுதித் தேர்வு முடிந்தபின் வந்து, "ஐயா, கல்லூரியில் இஸ்லாமியவியல் படிக்கலாமா?" என்று கேட்டபோது, அப்பெருமை எனக்குக் கைகொடுக்கவில்லை. அவன் ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயந்தோய்க்கும் தொழிலாளியின் மகன். "அது மதரஸாவில் படிப்பதல்லவா, தம்பி? வணிகவியல் எடுத்துக்கொள், வீட்டுக்கு உதவும்" என்றேன். அந்த விடை பிழையானது. எவ்வாறு பிழை என்பதைச் சொல்லவே இன்று பேசுகிறேன்.

மதரஸாக் கல்வி வேறு, பல்கலைக்கழகப் பட்டம் வேறு. எங்கள் பகுதிக்கு அணித்தாக வேலூரில், ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மார்க்க அறிஞரை உருவாக்கி வருகிறது. உமராபாத்தில் 1924-இல் தொடங்கிய தாருஸ் ஸலாமும் அத்தகையதே. பல்கலைக்கழகத்திலோ, அதே மார்க்கத்தின் வரலாறும் சட்டமும் தத்துவமும் ஆராய்ச்சிப் பொருளாகின்றன. அங்கே எந்தச் சமயத்தவரும் மாணவராகலாம்.

அப்பாடங்களுள் என்னை வியப்பில் ஆழ்த்தியது ஹதீஸ் கலை. நபிகள் நாயகம் கூறியதாக ஒரு செய்தி வந்தால், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்தாமா, நினைவாற்றலும் நேர்மையும் உடையவரா என்று கண்ணி கண்ணியாகச் சோதிப்பார்கள். அறிவிப்பாளரின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கென்றே தனி நூல்கள் எழுந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் இமாம் புகாரி இம்முறையில் தொகுத்த நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. வரலாற்று ஆசிரியனாகிய நான் இதனை ஓய்வு பெற்ற பிறகே அறிந்தேன் என்பது வெட்கத்துக்குரியது.

தமிழ் மாணவனுக்கு வீட்டுச் செல்வம் வேறு இருக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆனது. அரபு எழுத்திலே தமிழை எழுதும் அரபுத்தமிழில் எத்தனையோ நூல்கள் உள்ளன. இலங்கையைச் சேர்ந்த ம. மு. உவைஸ், தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைப் பல்கலைக்கழக ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவ்வாய்வு 1953-இல் நூலாயிற்று. பின்னர் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியப் பேராசிரியராக அமர்ந்து, அவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்.

பிழைப்புக்கு என்ன வழி என்று பெற்றோர் கேட்பது நியாயமே. முறையான அங்கீகாரமுள்ள பட்டமாயின், எந்தப் பட்டமும் போதும் என்னும் அரசுப் பணித் தேர்வுகளை எழுதலாம். ஆகவே, சேருமுன் அங்கீகாரத்தை எழுத்தில் கேட்டு அறியுங்கள். மதரஸா தரும் ஸனதைப் பட்டத்துக்கு நிகராக எல்லா இடத்திலும் கொள்ள மாட்டார்கள். அரபு மொழியில் உழைக்க மனமில்லாதவர் இப்பக்கம் வரவேண்டாம். மொழிபெயர்ப்பைக் கொண்டு நெடுந்தூரம் போக இயலாது. ஆசிரியர் வேலை எளிதில் கிடைத்துவிடும் என்றும் நான் ஆசை காட்ட மாட்டேன்.

என் மாணவன் வணிகவியல் படித்தான். இன்று ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறான், குறையொன்றும் சொல்வதில்லை. சென்ற ஆண்டு என் வீட்டுக்கு ஒரு பழைய நூலைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். அவன் பாட்டனாருடையதாம். பிரித்துப் பார்த்தால் அரபுத்தமிழ். "இதில் என்ன இருக்கிறது, ஐயா?" என்று கேட்டான். அவன் பாட்டி அதை மாலைதோறும் இராகத்தோடு படிப்பாராம். ஓசை அவனுக்கு நினைவிருக்கிறது, எழுத்துத்தான் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இருவரும் அந்த ஏடுகளைப் புரட்டிக்கொண்டு விளக்கேற்றும் நேரம்வரை உட்கார்ந்திருந்தோம்.