வயிற்று வலியா? காலையும் காட்டுங்கள்



பொறியாளனுக்குக் குடலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். இதுவும் குழாய் சமாச்சாரம்தான். போன வருஷம் எனக்கே வந்த நோய் இது.

பெயர் ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸ். ஜெர்மானிய மருத்துவர்களான ஷோன்லைன் 1837-லும் ஹெனாக் 1874-லும் இதை விவரித்ததால், வெகுகாலம் அவர்கள் பெயரிலேயே வழங்கியது. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய ஐ.ஜி.ஏ. என்ற புரதம், மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அழற்சி உண்டாக்குகிறது. சுவர் கசிகிறது. தோலில் கசிந்தால் காலில் செம்புள்ளிகள்; குடலில் கசிந்தால் வீக்கம், சுருட்டிப் பிடிக்கும் வலி, ரத்தப்போக்கு. ரத்த ஓட்டம் நின்ற பகுதி அழுகி, குடலில் ஓட்டையும் விழலாம். அப்புறம் ஆபரேஷன்தான்.

பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. அநேகருக்குத் தானே அடங்கிவிடும். பெரியவர்களுக்கு வருவது அபூர்வம்; ஆனால் வந்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்து அதிகம்.

சிலருக்கு வலி முந்திக்கொள்ளும், புள்ளிகள் பிந்தி வரும். எனக்கும் அப்படித்தான். மூன்று நாள் அல்சரா, குடல்வாலா என்ற ஆராய்ச்சி. மலம் கறுப்பாகப் போனது. நாலாம் நாள் நர்ஸம்மா, "தம்பி, கால்ல இதென்ன?" என்றார். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினார்கள், புள்ளி மறையவில்லை. தோலில் துளி வெட்டிச் சோதித்து உறுதி செய்தார்கள்.

ஸ்டீராய்டு கொடுத்ததும் வலி குறைந்தது. ஆனாலும் சர்ஜன் தினமும் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "வலிதான் போயிடுச்சே, டாக்டர்?" என்றேன். "ஸ்டீராய்டு வலியை அடக்கும், ஓட்டை விழுந்தால் அதையும் மறைத்துவிடும்" என்றார். அலாரம் ஒயரைக் கழற்றிவிட்டு பாய்லர் ஓட்டினால், ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும் அல்லவா?

விடுதி மாணவர்களே, கடுமையான வயிற்று வலியை மெடிக்கல் ஷாப் மாத்திரையால் அடக்காதீர்கள். காலில் புள்ளி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தமோ கறுப்போ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குணமான பிறகும் பல மாதங்கள் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். வலியில்லாமலே சிறுநீரகம் கெடலாம். நானும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்; அடுத்த பரிசோதனை வரும் மாதம்.