பேர் சொல்ல ஒரு பிள்ளை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கெடாவில் வயதான இரண்டு தமிழர்கள் ஒரு கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ முதன்முதலாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "ஐயா எந்தத் தோட்டம்?" ஒருவர் ஹார்வர்ட் என்பார். இன்னொருவர் விக்டோரியா, ஹென்ரியேட்டா, டப்ளின், பேடனோக் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். பிறகு எந்தப் பிரிவு, எந்த லயம், யார் கங்காணி என்று பேச்சு வளரும். கடைசியில் உறவுமுறையே வந்து நிற்கும்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்கிறார்கள். கெடாவில் அந்த வேலையைத் தோட்டத்தின் பெயர் பார்த்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோட்டப் பெயர்களில் சில, கடல் கடந்து வந்த அந்நியரின் குடும்பப் பெயர்கள்!

கசாப்புக் கடைக்காரரின் மகன்

பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயருக்கு உரியவர் ஜான் ஹார்வர்ட். 1607ஆம் ஆண்டு லண்டனின் சதர்க் பகுதியில் பிறந்தவர். அவருடைய தந்தை கசாப்புக் கடை வைத்திருந்தார். 1625இல் லண்டனைத் தாக்கிய பிளேக் நோய், தந்தையையும் உடன்பிறந்தோர் பலரையும் கொண்டுபோய்விட்டது. தப்பிப் பிழைத்த ஜான், கேம்பிரிட்ஜில் படித்தார். 1637இல் மனைவியோடு கப்பலேறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதிக்குப் போனார். மறு ஆண்டே காசநோய் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. பிள்ளைகள் இல்லை.

இறக்கும் முன் தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 நூல்களையும், 1636இல் தொடங்கப்பட்டிருந்த ஒரு சிறிய கல்லூரிக்குக் கொடுத்தார். 1639இல் அந்தக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

"பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும்" என்று தமிழர் வீடுகளில் சொல்வார்கள். பேர் சொல்ல ஒரு பிள்ளையும் இல்லாத அந்த மனிதரின் பெயரை உலகமே சொல்கிறது. பீடோங்கில் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் அதைக் குடும்பப் பெயராகத் தாங்கியவர்களைத் தேடினால், இங்கிலாந்திலேயே அது அரிதான பெயர்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஜான் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தின் பதிவேட்டில் அவர் பெயர் 'ஹார்வர்ட்' என்று இல்லை. 'ஹார்வி' என்று இருக்கிறது! எழுதியவரின் காதில் விழுந்தது அப்படி. தோட்டத்துக் கிராணிகள் மட்டும்தான் பெயரைப் பிழையாக எழுதினார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

உறைந்து போன பெயர்கள்

ஹார்வர்ட் என்ற சொல்லின் வேர் என்ன? 'ஹெரெவர்ட்' என்ற பழைய ஆங்கிலப் பெயரை மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். 'ஹெரெ' என்றால் படை. 'வர்ட்' என்றால் காவல். படைக் காவலன் என்று பொருள். இதைப் போலவே ஒலிக்கும் பழைய நார்ஸ் மொழிப் பெயர் ஒன்றும் இதில் கலந்திருக்கிறது என்பார்கள். எப்படியானாலும், முதலில் அது ஒரு தனி மனிதனின் பெயர். அந்த மனிதனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதையே ஒட்டிக்கொண்டபோது அது குடும்பப் பெயர் ஆகிவிட்டது.

ஆங்கிலேயர் ஆதிகாலம் முதல் குடும்பப் பெயர் வைத்திருந்தவர்கள் அல்லர். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் அந்த வழக்கம் மெல்ல மெல்லப் பரவியது. சுமார் 1400ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான பெயர் வந்துவிட்டது. நிலவரி, வாரிசு, வழக்கு என்று எல்லாவற்றுக்கும் அரசாங்கத்துக்கு ஆளை அடையாளம் காட்டும் பெயர் தேவைப்பட்டது. 1538இல் ஒவ்வொரு தேவாலயமும் பிறப்பு, திருமணம், இறப்புச் சடங்குகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணை வந்தபோது, பெயர்கள் இன்னும் இறுகிப்போயின.

கொல்லன் மகன் 'ஸ்மித்' ஆனான். தையற்காரன் மகன் 'டெய்லர்' ஆனான். அவர்களுடைய வாரிசுகள் கணக்கப்பிள்ளையானாலும் கப்பல் தலைவனானாலும் அதே பெயர்தான். ஜானின் மகன் 'ஜான்சன்'. அந்த ஜான்சனின் மகனுக்குத் தந்தை பீட்டராக இருந்தாலும் அவனும் ஜான்சன்தான்!

ஊர்ப் பெயரும் இப்படி உறைந்தது. பேடனோக் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஒரு பகுதி. அது குடும்பப் பெயரும் ஆயிற்று. கோல கெட்டில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கும் அதே பெயர் வந்தது. 2024 நவம்பரில் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கெமி பேடனோக், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கணவர் வழியாக அந்தப் பெயர் அவருக்கு வந்தது. ஒரு பெயர் எங்கே புறப்பட்டு எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது பாருங்கள்.

வேல்ஸ் நாட்டுக் கதை இன்னும் பொருத்தமானது. அங்கே 'அப்' என்றால் மகன். 'வெர்க்' என்றால் மகள். ரைஸின் மகன் 'அப் ரைஸ்'. ஹோவெலின் மகன் 'அப் ஹோவெல்'. மலேசிய அடையாள அட்டையில் இருக்கும் ஏ/எல், ஏ/பி போலவே இல்லையா? பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டமும் ஆங்கில வழக்கமும் உள்ளே வந்த பிறகு, அந்தப் பெயர்கள் அப்படியே ஒட்டி உறைந்தன. 'அப் ரைஸ்' என்பது 'பிரைஸ்' ஆனது. 'அப் ஹோவெல்' என்பது 'பவல்' ஆனது. இன்று பவல் என்ற பெயரைச் சுமப்பவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஹோவெலின் மகன் என்று தெரியும்?

பேரன் என்ற சொல்லுக்குள்ளே

தமிழர் வழி வேறு. தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்குத்தான் மகனோடு வரும். அடுத்த தலைமுறையில் மகனின் பெயர் முன்னே வந்துவிடும், தாத்தாவின் பெயர் கழன்றுவிடும்.

அப்படியானால் வம்சம் எப்படித் தெரிந்தது? அதற்கு முன்னோர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். 'பேரன்' என்ற சொல்லைப் பாருங்கள். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி, அதுவே பேத்தி. முத்துசாமியின் மகன் குப்புசாமி. குப்புசாமியின் மகன் மீண்டும் முத்துசாமி. ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் நேர்க்கோட்டில் ஓடும். தமிழரின் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும், பின்னல் போல.

சாதிப் பெயர்களை வாலாக ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அதை வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்த ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கே வந்து பேசினார். ஆகவே, குடும்பப் பெயர் இல்லாதது தமிழருக்கு ஒரு குறை அன்று. பிறப்பைக் காட்டும் வாலை வெட்டிவிட்டு, தகப்பன் பெயர் போதும் என்று பலர் தெரிந்தே எடுத்த முடிவு அது.

கிராணி எழுதிய பெயர்

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். புலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கினார்கள். பிறகு கெடாவின் காடழித்த நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தில் அவர்கள் பெயர் செக்ரோலில் ஏறியது. பெரட்டுக் களத்தில் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். பல துரைமார்களுக்கு அந்தப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. தமிழ்த் தொழிலாளி என்றாலே 'ராமசாமி' என்று பொதுப்பெயர் வைத்துப் பேசினார்கள், எழுதினார்கள்.

அந்த 'ராமசாமி'கள் தங்களுக்கென்று ஒரு பெயர் உண்டு என்று காட்டிய இடமும் இதே ஹார்வர்ட் தோட்டம்தான். ஜப்பானியர் ஆட்சி முடிந்த பிறகு, கள்ளுக்கடைக்கு எதிராகவும் தொழிலாளர் மானத்துக்காகவும் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல்கூட நடந்தது. ஹார்வர்ட் என்றால் உலகத்துக்குப் பல்கலைக்கழகம். கெடாத் தமிழர் வரலாற்றில் அது தொண்டர் படையின் தோட்டம்.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். செக்ரோலில் கூலியாக எழுதப்பட்ட பெயர், அன்றைக்குத்தான் பங்குதாரர் பட்டியலில் உரிமையாளராக எழுதப்பட்டது. பெயர் ஒன்றுதான். ஏறிய ஏடு வேறு.

ஓர் எழுத்தின் விலை

பிள்ளை பிறந்தால் பெயரைத் தமிழில் சொன்னார்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். முத்துசாமியின் நடுவில் இருக்கும் 'எச்' எழுத்து விழுந்துவிட்டால், படிக்கிறவர் 'முட்டுசாமி' என்பார். அண்ணன் பத்திரத்தில் தகப்பனார் பெயர் ஒரு விதம், தம்பி பத்திரத்தில் வேறு விதம். முன்பு எஸ்/ஓ, டி/ஓ என்று எழுதினார்கள். பிறகு ஏ/எல், ஏ/பி வந்தது. சிங்கப்பூரில் பழைய முறையே தொடர்ந்தது. வெளிநாடு போனவர்களிடம் பாரத்தில் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் அப்பா பெயரை எழுதினார். இன்னொருவர் தன் பெயரையே எழுதினார். மெல்பர்னிலும் லண்டனிலும் பிறக்கும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் அப்படியே உறைந்துவிடும், வேல்ஸ் நாட்டுப் பவலைப் போல.

இதெல்லாம் வேடிக்கை போலத் தெரியலாம். ஆனால் இறந்துபோன அப்பாவின் சேமநிதிப் பணத்தைக் கேட்கும்போதோ, நிலப்பட்டாவை மாற்றும்போதோ, குடியுரிமைக்கு ஆதாரம் காட்டும்போதோ, அந்த ஓர் எழுத்து மலைபோல் குறுக்கே நிற்கும். அப்பாதான் அப்பா என்று நிரூபிக்க மகன் இலாகா இலாகாவாக ஏறி இறங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் போய்விட்டது. எண்கணிதம் பார்த்து, புதுமையான ஒலி தேடிப் பெயர் வைக்கிறார்கள். அது பெற்றோர் உரிமை. தவறு சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பின்னல் அறுந்தால், அடையாள அட்டையில் இருப்பது அப்பா பெயர் மட்டும்தான். தாத்தா அதில் இல்லை. இவ்வளவு காலம் தாத்தாவைக் காட்டிக்கொடுத்தது தோட்டம். அந்தத் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அடுக்குமாடியில் வளரும் பிள்ளையிடம் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் விழிக்கும். பல தோட்டங்களுக்கு மிஞ்சிய அடையாளம், தமிழ்ப்பள்ளியின் பெயர்ப் பலகைதான்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. இன்று இரவே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயர்களை எழுதுங்கள். அம்மா, பாட்டி, கொள்ளுப் பாட்டி பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். அவை எந்த ஏ/எல் குறிப்பிலும் வராதவை. தமிழ் எழுத்தில் எழுதுங்கள், அப்போதுதான் முத்துசாமி முத்துசாமியாகவே இருப்பார். பக்கத்திலேயே எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, இந்தியாவில் எந்த ஊர் என்று குறித்து வையுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பிறப்புப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால், பெரியவர் உயிரோடு இருக்கும்போதே பதிவு இலாகாவுக்குப் போய்விடுங்கள்.

ஜான் ஹார்வர்டுக்குப் பிள்ளை இல்லை. அவர் பெயரை ஒரு கல்லூரி எழுதி வைத்துக் காப்பாற்றியது. ஹார்வர்ட் தோட்டத்தில் பால் மரம் சீவிய முத்துசாமிக்குப் பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகளும் உண்டு. அவர் பெயரை எழுதி வைக்க அவர்களில் ஒருவர் போதும்.